கருவாட்டுக் குழம்பும் என் தூதும்

என் மகன்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே தெருவில்தான் வீடு. பெரியவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சின்னவன் என்னிடம் சொல்வான். அதற்கான பதிலைப் பெரியவன் என்னிடம் சொல்லி அனுப்புவான். நடந்து நடந்து என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. மகள் பார்த்துவிட்டு, ராமநாதபுரத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனாள். எனக்கு இஷ்டமில்லை. புத்தி கலங்கியவர்கள் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை? நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்.

அந்தப் பெண் மாத்திரை ஏதும் எழுதவில்லை. பெரியவன் கதை, சின்னவன் கதை, மருமகள்கள் கதை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, "இவ்வளவு நேரமும் அவங்க சொன்னதத்தான் சொன்னீங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன், கொஞ்சம் வீறாப்பாகவே. "சரி, இந்தத் தூது வேலையில உங்கள யாரு முதல்ல சேத்துவிட்டது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு முன்பல் விழுந்து முளைக்காத வயது.

தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த ஓலைவீடு எங்களுடையது. ஒரே அறை. ஒரு மூலையில் அம்மாவின் அடுப்பு, எதிர் மூலையில் அய்யாவின் வலை. வள்ளம் கரைக்கு வந்ததும் பிடிபட்டதை ஏலம் விடுவார்கள். வீட்டுக் குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். அய்யா அந்தக் கறிமீனோடு வருவதற்குள் அம்மா மசாலா அரைத்து வைத்திருப்பாள்.

ஒருநாள் அம்மாவின் அண்ணன், என் மாமா, தொண்டிப் பக்கமிருந்து வந்திருந்தார். அன்று அய்யாவுக்குக் கிடைத்தது நல்ல பாறை மீன். வருகிற வழியில் அவருடைய தங்கச்சி வீடு. அத்தை வாசலில் நின்று, "என்னண்ணே, பாறையா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். தங்கச்சியிடம் இல்லை என்று சொல்ல அய்யாவுக்கு எந்தக் காலத்திலும் வாய் வந்ததில்லை. மீனைக் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். வீட்டில் மச்சான் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கடலடி வீட்டில், பெண் கொடுத்த வீட்டு மனிதருக்கு, அதுவும் கடலில் தொழில் பார்க்கிறவருக்கு, கருவாடு வைத்தால் அதற்குமேல் தலைக்குனிவு கிடையாது. மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். "குழம்பு நல்லாருக்குத்தா" என்றார். அதுதான் அம்மாவைச் சுட்டது. அவர் ஞாயிறுவரை எங்கள் ஊரிலேயே சின்னம்மா வீட்டில் தங்கிக்கொள்வதாகக் கிளம்பிப் போனதும் அம்மா ஆரம்பித்தாள்.

"கடல வாசல்ல வச்சுக்கிட்டு எங்கண்ணனுக்குக் கருவாடு!"

"எந்தங்கச்சி கேட்டா குடுக்கத்தான் செய்வேன்."

அத்தோடு பேச்சு நின்றது.

புருஷன் பெண்டாட்டி பேச்சை நிறுத்தினால் பிள்ளை வழியாகப் பேசிக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். தம்பி கைக்குழந்தை.

"ஏ புள்ள, சோறு பானையில கெடக்கு, வேணும்னா போட்டுத் திங்கச் சொல்லு உங்கய்யாவ."

நான் அடுப்படியிலிருந்து வலைக்கு நடப்பேன். நாலு எட்டு இருக்குமோ என்னவோ. அதற்குள் அந்தப் பேச்சு என் வாயில் மாறிவிடும்.

"அய்யா, சோறு போட்டு வைக்கவான்னு அம்மா கேக்குது."

அய்யா வலை ஊசியை நிறுத்தாமல், "எனக்குப் பசிக்கலன்னு சொல்லு. எந்தங்கச்சி வீட்ல போயித் திங்கிறேன்னு சொல்லு" என்பார். நான் திரும்பி வந்து, "அம்மா, அய்யா உங்கையால போட்டாத்தான் திங்குமாம்" என்பேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தோள் குலுங்கும். அழுகிறாளே, இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

எனக்குப் பயம் வேறு. கம்பிக்கொடியில் கிடந்த அம்மாவின் சேலைகள் மூட்டையாகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இப்படித்தான் ஒரு மூட்டையோடு பாம்பன் பாலம் தாண்டிப் போனாள், திரும்பவில்லை. அவளுடைய பிள்ளைகள் எண்ணெய் காணாத தலையோடு கரையில் திரிந்தார்கள். ராத்திரி அம்மாவின் முந்தானையை என் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா சொன்னாள்: "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எங்கண்ணனோட ரயிலேறப் போறேன்னு சொல்லு. தம்பியையும் தூக்கிட்டுப் போறேன்னு சொல்லு."

நடந்தேன். அதை எப்படி மாற்றுவதென்று தெரியவில்லை. அய்யா முன்னால் போய் நின்றேன், வாய் திறக்கவில்லை. அவரும் ஊசியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். அப்படியே திரும்பினேன். ஒருவரும் சொல்லாததைச் சொன்னேன்.

"அம்மா, அய்யா இப்பவே போயி மாமாவுக்கு மீன் கொண்டாருதாம். ஓங்கிட்ட தப்புன்னு சொல்லச் சொல்லுச்சு."

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் வள்ளம் தள்ள மாட்டார்கள். ஞாயிறு மாதா கோயில் பூசை, அன்று விடியும்போது கடலில் இருக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். பொய் மாட்டிக்கொண்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதுகில் அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அய்யா வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். வள்ளம் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசுகிற வலை அது. பொடிப்பையன்கள்தான் வீசுவார்கள். பெரிய தொழில்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க நடந்தார். அம்மா வாசலுக்கு வந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்கையில் நனைந்த வேட்டியோடு வந்தார். கொஞ்சம் கிழங்கான் மீன், விரல் நீளம். அம்மா காலடியில் வைத்தார்.

"இம்புட்டுத்தான் கெடச்சுச்சு."

"பொரிக்கவா, கொழம்பு வைக்கவா?"

நான் எழுந்து ஓடினேன். "அய்யா, பொரிக்கவா, கொழம்பு வைக்கவான்னு…"

"எங்களுக்குக் காது இருக்குடி" என்றாள் அம்மா. "இத்தன நாளும் இருந்துச்சு. போ, போயி வெளையாடு. உங்க மாமாவ நான் போயிக் கூப்பிட்டுக்கிறேன்."

அய்யா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். முந்தின நாட்களில் அவள் தோள் குலுங்கியது எப்படியோ, அப்படியே இப்போதும் குலுங்கியது.

அம்மா மூட்டையை அவிழ்த்துச் சேலைகளைக் கொடியில் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் மணலில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாடி, வாடி என்று என்னையும் கூப்பிட்டார்கள். கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் நான் உட்கார்ந்துகொண்டேன். மீன் பொரிகிற வாசம் வந்தது. உள்ளே இருவரும் நான் இல்லாமலே என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெயரை யாராவது சொல்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. அழுகை வந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.