சதுரத்தின் இடது ஓரம்

ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த மகள் எனக்குப் புதுப் போன் ஒன்று வாங்கி வந்தாள். பழையதில் இருந்த எல்லாவற்றையும் அவளே அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் சென்னைக்குத் திரும்பிப் போனாள். போனில் எனக்கு ஒரே ஒரு குறைதான். முகப்புத் திரையில் எல்லா ஐகான்களும் வட்டமாக இருந்தன.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள வயல்களில் பாதிக்கு மேல் என் கால் பட்டிருக்கும். வரப்பு கோணலாக இருந்தால் கருவி இல்லாமலே சொல்லிவிடுவேன் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இப்போது படிப்பதும், இந்த வட்டாரத்து ஊர்களில் எந்த வருடம் எது நடந்தது என்று விசாரித்து எழுதி வைப்பதுமாகப் பொழுது போகிறது. வட்டம் எனக்கு ஒத்துவராத வடிவம். இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் நடுவில் யாருக்கும் சேராத நிலம் மிஞ்சும்.

திரையின் காலி இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வருகிறது என்று நானாகவே கண்டுபிடித்தேன். அதற்குள் போனால் ஐகானின் வடிவத்தை மாற்றும் இடம் இருந்தது. சதுரத்தைத் தொட்டேன். ஒரு கணத்தில் எல்லாம் சதுரமாயின. ரயில் நேரம், செய்தி, வானிலை, வங்கி என்று வரிசை பிரித்து அடுக்கியபோது திரை முழுவதும் புல வரைபடம் போல ஆனது. மனைவியிடம் காட்டினேன்.

"இதுக்குப் பட்டா வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஐப்பசி பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். அது என் வழக்கம். வானிலை ஐகானின் இடது ஓரம் உள்ளே வாங்கியிருந்தது. தண்ணீர் அரித்த வரப்பு ஓரிடத்தில் குழிந்து போகுமே, அப்படி. வடிவத்தை மறுபடியும் மாற்றி வைத்தேன். அப்படியே இருந்தது. பக்கத்து ஐகானைப் பார்த்தேன். இப்போது அது வளைந்தது, வானிலை நேராகிவிட்டது. கீழே பார்த்தால் கீழே இருப்பது வளைந்தது. நான் எதைப் பார்க்கிறேனோ அது கோணியது, பார்க்காதவை ஒழுங்காக இருந்தன.

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் நேர். மறுநாளும் அதே. உட்கார்ந்தால் நேர், படுத்தால் கோணல்.

என் கண்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போனின் பேட்டரி உப்பிக்கொண்டு திரையை உள்ளிருந்து தள்ளுகிறது என்று முடிவு கட்டினேன். பேட்டரி வெடித்து ஒருவருக்குக் கை போனதாகச் செய்தி படித்திருந்தேன். அன்று இரவு போனை அணைத்து, ஒரு சில்வர் தூக்கில் போட்டுக் கொல்லையில் வைத்தேன். தூக்கை அங்கே பார்த்த மனைவி யாருக்குச் சாப்பாடு என்று கேட்டாள். நான் சிரித்தேன். பயம் என்றால் அந்தப் பேட்டரி பயம்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைத்தெருவில் இருக்கும் போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார்.

"பேட்டரி நல்லா இருக்கு சார். புதுசு வேற. எங்க உப்புது?"

"உக்காந்து பாத்தா தெரியாது. படுத்துப் பாத்தாத்தான் வளையுது."

"நீங்க படுத்தா போன் எப்படி சார் வளையும்?" பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். "கேட்டியாண்ணே, நம்மாளு படுத்தா அதுவும் படுத்துக்குதாம்."

ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரையின் குறுக்கே நிறுத்தினார். ஸ்கேலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளியே இல்லை. "நீங்களே பாருங்க."

நேராகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு விட மனமில்லை. "இப்படிப் படுத்துப் பாத்தா..." என்று சொல்லிக்கொண்டே தலையணை போல இடது உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தேன். படுக்கும்போது தலையணை மறைப்பது போலக் கை இடது கண்ணை மறைத்தது; வலது கண்ணால் மட்டும் பார்த்தேன்.

ஐகான் வளைந்தது. அதன் மேல் நின்ற ஸ்கேலும் வளைந்தது.

கையை எடுத்தேன். ஸ்கேல் நேரானது. மறுபடி வைத்தேன். இரும்பு ஸ்கேல் நடுவில் நெளிந்து, நெளிந்த இடத்தில் எண்கள் சாம்பல் நிறமாகக் கரைந்திருந்தன.

"என்ன சார், சரியாயிட்டா?" என்றார் கடைக்காரர்.

"ஆயிட்டு" என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டேன். அவர் காசு வாங்கவில்லை. நன்றி சொன்னேனா என்பது நினைவில் இல்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ஊரில் அது எப்போதும் நடப்பதுதான்; வண்டிகள் அணைந்து, ஆட்கள் இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டின் ஓரத்தில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தேன். மன்னார்குடிப் பக்கம் நேராக ஓடவேண்டிய இரண்டு கம்பிகளும் தொலைவில் ஓரிடத்தில் உள்ளே குழிந்து நெளிந்தன. எதிர்ப்பக்கம் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். சேலை தெரிந்தது, கையில் இருந்த பை தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் விரலால் தேய்த்த மாதிரி ஒரு கறை. ரயில் கடந்து கேட் திறந்த பிறகும் பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை நான் நகரவில்லை.

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். கடைசி வருடங்களில் அவர் யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. பேசுகிறவரின் காதைப் பார்ப்பார், தோளைப் பார்ப்பார். பண்ணையில் கூலி வேலை செய்து எங்களைப் படிக்கவைத்த மனிதர். பிள்ளைகள் பெரிய வேலைக்குப் போனதும் அவருக்கு ஏதோ மனத்தாங்கல் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். தட்டில் இருக்கும் சோற்றை ஓரத்திலிருந்து தடவித் தடவி எடுப்பார். வயசாயிட்டுது என்று சொல்லி அதோடு விட்டுவிட்டோம். அவருக்கு முகங்கள் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கவேண்டும் என்றால் அவர் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கமுடியும். கேட்டிலிருந்து வீடுவரை அது ஒன்றே மனத்தில் ஓடியது.

வீட்டில் மாடிப்படி, தரை ஓடு, செய்தித்தாளின் பத்திக் கோடு என்று எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் அதே இடத்தில், அதே அளவு குழிந்தன. செய்தித்தாளில் ஒரு சொல்லைப் பார்த்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருந்தன, நடுவில் இருந்தது இல்லை. இன்னொரு கண்ணிலும் இது வந்தால் என் மீதி நாட்களில் ஒரு வரிகூடப் படிக்கமுடியாது. வாசிக்காமல் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். கூடத்து ஜன்னலுக்கு முன் நின்று மறுபடியும் கண்ணைப் பொத்தினேன்.

"என்னங்க, ஜன்னலுக்குக் கண்ணடிக்கிறீங்க?" மனைவி பின்னால் நின்றாள்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்க நினைத்தேன். கண்ணைப் பொத்திய கையை எடுக்க மறந்து அப்படியே அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"உக்காருங்க. என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். போன், தூக்கு, ஸ்கேல், தண்டவாளம். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். முடித்ததும், "நாளைக்குக் காலையில தஞ்சாவூர் போறோம். இப்பவே மகளுக்குச் சொல்லி அவளையும் பயமுறுத்த வேண்டாம்" என்றாள். பிறகு, "என் மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். இரண்டு கண்ணும் திறந்திருந்ததால் அது பொய்யில்லை.

தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்க்க எனக்குத் துணிவில்லை. வழியெல்லாம் சம்பா நடவு முடிந்த வயல்கள். இயந்திரத்தால் நட்ட நாற்று கோடு கிழித்தது போல வரிசையாக இருக்கும். மடியில் கிடந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன்.

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் கூசுகிற கண்ணோடு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு ஸ்கேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண். கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணின் உட்சுவர், பாய் விரித்தது போல அடுக்கடுக்காக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மேடு தட்டியிருந்தது.

"இந்த மேட்டுக்கு அடியில தண்ணி கசிஞ்சு நிக்குது சார். வேண்டாத ரத்தக்குழாய் அங்க முளைச்சிருக்கு. அதான் உங்களுக்கு நேர்கோடு வளைஞ்சு தெரியுது. எப்படிக் கவனிச்சீங்க? ஒரு கண்ணு நல்லா இருந்தா நெறைய பேருக்குத் தெரியவே தெரியாது."

ஐகானைச் சதுரமாக்கிய கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வட்டமாவே விட்டிருந்தீங்கன்னா இன்னும் ரொம்ப லேட்டாத்தான் வந்திருப்பீங்க."

"சரியாயிடுமா டாக்டர்?"

"போனது முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். மேல போகாம நிறுத்தப் பாக்கலாம். ஊசி போடணும். மாசத்துக்கு ஒண்ணு, முதல்ல மூணு."

"ஊசி கையிலயா?" என்று மனைவி கேட்டாள்.

"கண்ணுலம்மா."

அவள் என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடி வலித்தது. இன்னொரு கண்ணுக்கும் வருமா என்று நான் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நடுவில் புள்ளி வைத்துக் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். கோடு புதிதாக எங்கே வளைந்தாலும் அன்றைக்கே கிளம்பி வந்துவிடவேண்டும்.

ஊசியைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். மரத்துப்போக மருந்து விட்டிருந்ததால் வலி பெரிதாக இல்லை. ஆனால் இமையை விலக்கி நிறுத்திவிடுகிறார்கள், மூடிக்கொள்ளமுடியாது. மருந்து உள்ளே இறங்கும்போது கண்ணுக்குள் கறுப்புக் குமிழிகள் மிதந்தன. இதுதான் நான் கடைசியாகப் பார்ப்பது என்று அந்த நேரத்தில் நிச்சயமாக நம்பினேன்.

கார்த்திகையில் ஒன்று, மார்கழியில் ஒன்று, தையில் ஒன்று என்று மூன்று ஊசிகளும் முடிந்தன. குழி கொஞ்சம் ஆழம் குறைந்திருந்தது, போகவில்லை. நின்றிருப்பதே நல்ல சேதி என்றார் டாக்டர். மனைவி அந்தக் கட்டத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். கண் விழித்ததும் கட்டிலிலேயே போனை ஒரு முறை பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தாளைப் பார்ப்பது பழக்கமாயிற்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பத்தடி தூரத்தை நான் ஒரு நாளும் நிம்மதியாக நடந்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை. போனை எடுத்தேன். எல்லா ஐகான்களின் ஓரமும் நெளிந்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. வலது கண்ணைப் பொத்தினேன். நல்ல கண்ணிலும் நெளிந்தது. போனைக் கவிழ்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். மனைவியைக் கூப்பிடக் கூடப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும்.

அவளே வந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் போனை நீட்டினேன்.

"இதுல என்ன தெரியுது?"

எட்டப் பிடித்துப் பார்த்தாள். "பூப்பூவா இருக்கு. நீங்க மாத்துனீங்களா?"

"நான் மாத்தல. ஓரம் எப்படி இருக்கு உனக்கு?"

"நெளிநெளியாத்தான். முறுக்கு அச்சு மாதிரி." திரையில் ஏதோ தள்ளினாள். "ராத்திரி போன் தானா அப்டேட் ஆயிருக்குன்னு போட்டிருக்கு பாருங்க."

"உனக்கும் நெளியுதா?"

"எனக்கும்தான். எத்தன தடவ சொல்றது?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்து, குளிர்சாதனப் பெட்டிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினாள். தன் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள். கையில் தேங்காய் வாசம்.

"நடுப் புள்ளியப் பாருங்க. எங்க வளையுது?"

"புள்ளிக்கு இந்தப் பக்கம். ரெண்டு கட்டம்."

"நேத்து?"

"அதே ரெண்டு கட்டம்."

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். நான் கோடுகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

"நேரா இருக்கு" என்றேன்.

"அப்ப வந்து காப்பியக் குடிங்க, ஆறுது" என்றாள். கையை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.