சூடானால்தான் பிடிக்கும்

என் கடை மேசையில் காற்றாடிக் காற்றுக்குத் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு பிரேக் பேட் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவு இரும்புத் தகடு. அதன்மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பகுதி தேய்ந்து தேய்ந்து பிஸ்கட் கனத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு, சூட்டில் வந்தது. கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் சாத்தூர் சாலை ஈரமாக என் முன்னால் வந்து கிடக்கும். மாப்பிள்ளை வண்டி ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் இருப்பேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் வீட்டுக்காரர். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு விஸ்வநத்தத்தில். ஒரு பழைய சின்னக் கார் வைத்திருந்தார். வாரமெல்லாம் அதில் தங்கையையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போவார். வருஷத்தில் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை அதே காரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோய், ஆசை தீரச் சுற்றிவிட்டு வருவார். மது, பீடி, சீட்டு எதுவும் கிடையாது. இது ஒன்றுதான். என் தங்கைக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள. "அண்ணே, அவரை ஓட்டாதீகன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. நீங்க நல்ல பிரேக்கா போட்டுவிடுங்க. அது போதும்" என்றாள். விருதுநகரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் வேறென்ன கேட்பாள்?

நான் பூட்டிய கடையைத் திரும்ப வந்து மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கடை வைப்பதற்கு முன்னால் சில வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவன். உரசக் கூடாது, தேய்க்கக் கூடாது, சூடாக விடக் கூடாது என்று அங்கே படித்தது இன்றுவரை உடம்பில் இருக்கிறது. எங்கள் பக்கம் வெடிக்குள் போகிற கலவைக்கு மருந்து என்று பெயர். பிரேக் பேடில் ஒட்டியிருக்கிற கறுப்புக்கும் நாங்கள் மருந்து என்றே சொல்வோம். "மச்சான், இதுல என்ன மருந்து போட்டிருக்கான்?" என்று மாப்பிள்ளை ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கேட்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எந்த மருந்து அதிகச் சூட்டுக்குத் தாங்குமோ அது நல்ல மருந்து. சாதாரண பேட் ட்ராக்கில் நாலு சுற்றில் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று நாள் யோசித்தேன். எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை பிடிக்கும் என்று காட்ட ஒரு பெட்டியில் வளைந்த கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அது எல்லாப் பெட்டிகளையும்விட அதிகச் சூடு வரைக்கும் போயிற்று. கோடு எங்கே முடிகிறது என்று பார்த்தேன். எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவில்லை. நெருப்புக்கு அஞ்சாதது என்றதும் என் மனசு அங்கேயே நின்றுவிட்டது.

அதையே வண்டியில் மாட்டிய மறுநாள் விடியற்காலையில் புது பேடைப் பழக்க சாத்தூர் சாலைக்குப் போனோம். அறுபது வேகத்தில் போய் அழுத்தி, பத்துக்கு இறக்கி, முழுசாக நிற்காமல் மறுபடியும் அறுபது. இப்படியே பதினைந்து இருபது தடவை. இரவு மழை பெய்திருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் நிலம் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே பனைகள் ஓடி வரும், மெதுவாகும், மறுபடியும் ஓடும். தொட்டிலை யாரோ ஆட்டி ஆட்டி நிறுத்துவது போல இருந்தது. போகப் போக ஒரு கருகல் வாசம் வந்தது. எனக்கு உள்ளங்கால் கூசியது. "கருகுதே மாப்ளே." "அது கருகத்தான் செய்யணும் மச்சான். பயந்தா கண்ணை மூடிக்கோங்க." மூடிக்கொண்டேன். கடைசித் தடவை அழுத்தியபோது வண்டி சாலையைப் பல்லால் கடித்தது போலப் பிடித்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், எனக்கு அது அபூர்வம்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. சாரல். மாப்பிள்ளையும் தங்கையும் பிள்ளையுமாக வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு திருப்பம்கூடத் தாண்டவில்லை. பட்டாசுக் கம்பெனி பஸ் நிற்கிறது, பெண்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை மிதித்திருக்கிறார். வண்டி கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடந்த மருந்து வழுவழுவென்று வழுக்கிக்கொண்டே போய், பஸ்ஸின் பின்னால் முட்டித்தான் நின்றிருக்கிறது. முன்விளக்கு நொறுங்கியது. பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் தங்கையின் வளையல் மூன்று உடைந்தது. யாருக்கும் அடியில்லை. தூக்குச்சட்டியோடு ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்த அம்மா ஒருத்தி, "ஏலே, பஸ்ஸுல ஏறணும்னா இறங்கி நடந்து வந்து ஏறுலே! காரோட ஏறுவியாலே?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. தங்கை சிரிக்கவில்லை. "செருப்பு ஈரத்துல வழுக்கிருச்சு" என்றிருக்கிறார் மாப்பிள்ளை. "ரேஸ் ஓட்டுற காலு வீட்டு வாசல்ல வழுக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் மாப்பிள்ளை வண்டியை உருட்டுவது போல ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். பெட்டியை எடுத்து அந்தக் கோடு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தார். "மச்சான், இது சூடானாத்தான் பிடிக்கும். காலையில பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு." தங்கையிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம். என்மேல கோவம்னா ஒரு வாரத்துல ஆறிரும். உங்க மேல நம்பிக்கை போச்சுன்னா, உங்க தங்கச்சி இனி எந்த வண்டியில ஏறுவா?" நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தங்கை கோபித்தால் சத்தம் போட மாட்டாள். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு மதியம் அவருக்குப் போன் அடித்து "சாப்பிட்டீகளா?" என்று கேட்பாள், அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் என்று அவர் சொன்னது ஒரு மாதம் ஆனது. மதியமானால் மெஷின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருப்பதாக அச்சகத்து ஆள் ஒருவர் சொன்னபோது, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு இரண்டு செட் வைத்துக்கொண்டோம். குளிரிலும் உடனே பிடிக்கிற சாதாரண பேட் ஒன்று, ட்ராக்குக்கு மட்டும் அந்தச் சூட்டு பேட். ஒரே பேட் இரண்டுக்கும் ஆகும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், நான் விற்பதில்லை. பெட்டிகளின்மேல் 'வீடு', 'ட்ராக்' என்று எழுதி வைத்தேன். கோயம்புத்தூர் போய் இறங்கியதும் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவார், திரும்பும்முன் மாற்றிவிடுவார். அப்படித் தேய்ந்த ட்ராக் செட்டில் ஒன்றுதான் என் மேசையில் இருப்பது.

மாப்பிள்ளை இப்போது மஸ்கட்டில், அங்கேயும் அச்சகம்தான். போய் நாலு வருஷமாகிறது. கார் தங்கையிடம். ஓட்டக் கற்றுக்கொண்டு அவளே ஓட்டுகிறாள். போன வாரம் 'வீடு' பேட் மாற்ற வந்தவள், மேசையில் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். "என்னண்ணே இது, இம்புட்டு கனமா இருக்கு? என்ன மருந்து?"

சொல்லிவிட்டேன். கோடு, சாரல், செருப்பு வழுக்கவில்லை என்பது, எல்லாம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அந்தக் கத்தரிப்பூக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஒரு மாசம்ணே" என்றாள், அவ்வளவுதான். பிறகு போனை எடுத்தாள். அங்கே அவர் வேலையில் இருக்கிற நேரம். இருந்தாலும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஏங்க... சாப்பிட்டீகளா?"

பேடை அவள் கையிலேயே வைத்திருந்தாள். மேசையில் இருந்த தாள்கள் ஒவ்வொன்றாக எழும்பிக் கடை முழுக்கப் பறந்தன. நான் எதையும் பிடிக்கப் போகவில்லை.