விபூதி வைத்த பந்தய வண்டி

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்காவை அரக்கோணத்தில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். பாவா அங்கே ஒரு பாயின் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார். சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும்போதெல்லாம், பாய் பிரித்துக் கோர்த்த பழைய வண்டியைப் பாவா கொண்டுபோய் ஓட்டுவார். அதைப் பார்த்த மெட்ராஸ் பணக்காரர் ஒருவர், தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வண்டியை ஓட்டக் கூப்பிட்டார். நன்றாக ஓட்டினால் தன் கம்பெனியிலேயே வேலை, குடியிருக்க வீடு என்றும் சொன்னார்.

அது பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. அந்த மாதிரி கொஞ்சம் வண்டிதான் செய்வார்களாம். ரோட்டில் ஓட்டக்கூடாதாம். அதில் லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, நிறுத்தி வைக்க ஸ்டாண்டுகூட இல்லை. தள்ளிக்கொண்டே ஓடி ஏறி உட்கார்ந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஹாரன் இல்லாமல் எப்படி ஓட்டுவீர்கள் என்று பாவாவைக் கேட்டேன்.

“முன்னால எவனாவது இருந்தாத்தானே மச்சான் ஹாரன் அடிக்கணும்?” என்றார்.

அக்காவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று அழுதாள். கடைசியில், திருத்தணி மலையில் பூஜை போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்று இறங்கி வந்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டியை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனோம். வண்டியைப் பார்த்துக்கொள்ளக் கூட வந்த பாய், அடிவாரத்து டீக்கடையில் இறங்கிக்கொண்டார். “நீங்க சாமி கும்பிட்டு வாங்க, நான் டீயைக் கும்பிட்டுகினு இருக்கேன்” என்றார்.

லைட் இல்லாத வண்டிக்கு மாலையை எங்கே போடுவது என்று ஐயருக்குப் புரியவில்லை. கைப்பிடியில் சுற்றினார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினோம். பாவா தேங்காய் உடைக்கப் போனார். அக்கா விபூதியை எடுத்தாள். பிள்ளைகளுக்கு எப்போதும் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவாள். வண்டிக்கும் பெட்ரோல் டேங்கில் பட்டை போட்டாள். இன்ஜினுக்குப் பின்னால் இரண்டு கார்புரேட்டர். ரோட்டு வண்டி போல மூடி வடிகட்டி எதுவும் கிடையாது, வாய் திறந்தே இருந்தது. அக்கா குனிந்து ஒன்றின் வாயிலும் ஒரு சிட்டிகை போட்டாள்.

“அந்த வாய்க்கும்மா?” என்றாள் பெரிய பெண். அதற்கும் போட்டாள். நாங்கள் சிரித்தோம். தறி ஓட்டுகிற எனக்கு அது காற்று போகிற வழி என்று தெரியாது.

அங்கிருந்து நேராகச் சோழவரம். பந்தயத்துக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு பாவா வந்தார். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் திரும்பி வர சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்றார். பாய் கேபிளுக்கு எண்ணெய் விட்டார். புது வண்டி, ஓட ஓடச் சரியாகும் என்றார்.

ஓடுபாதையின் கடைசியில் ஒரு வளைவு. மற்ற வண்டிகள் அங்கே வந்ததும் சத்தம் இறங்கும். பாவா வண்டியின் சத்தம் இறங்கவே இல்லை. அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சு இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வண்டி கிடந்த ஷெட்டுக்குப் பாய் என்னைக் கூட்டிப்போனார். கார்புரேட்டரைக் கழற்றினார். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஏறி, விட்டால் இறங்குகிற உருளை உள்ளே பாதியிலேயே இறுகி நின்றிருந்தது. அதைச் சுற்றி ஆயிலில் குழைந்த சாம்பல் பசை. அவர் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மண் மாதிரி இல்லையே என்றார். நான் மலையில் நடந்ததைச் சொன்னேன்.

 பாய் அதைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, பழையபடி மாட்டினார்.

“உங்க அக்காவுக்கு இது தெரியவே கூடாது தம்பி. நாளைக்கு எந்தக் கையால அந்தப் புள்ளைங்களுக்கு விபூதி வெப்பாங்க?”

“கேட்டா இன்னா பாய் சொல்றது?”

“என் கைத் தப்புன்னு சொல்லு. அவன் இறுக்கமா இருக்குதுன்னு சொன்னப்பவே நான் கழட்டிப் பாத்திருக்கணும். அது பொய் இல்லை.”

அவரே போய் அப்படிச் சொன்னார். அக்கா ஒர்க்‌ஷாப் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அவன் கை பட்ட வண்டி ஆளைத் தின்னும் என்று ஊர் பேசியது. வண்டி வருவது குறைந்து, ஒர்க்‌ஷாப்பை மூடினார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மரத்தடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். அந்தப் பக்கம் போனால் அக்கா காறித் துப்புவாள். ஒருமுறை நானும் கூட இருந்தேன். பாய் தலையைக் குனிந்து டியூபைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் தனியாக அவரிடம் போய், இனிமேல் என்னால் முடியாது, அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“அவங்களுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும் தம்பி. நான் இல்லன்னா அவங்களையே திட்டிக்குவாங்க” என்றார்.

அக்கா கிருத்திகை தவறாமல் மலைக்குப் போனாள். பிள்ளைகளுக்கு விபூதி வைத்தாள். பிறகு பேரப்பிள்ளைக்கும் வைத்தாள். பாய் போன வருஷம் இறந்தார். அக்கா இந்த ஆடியில் போய்ச் சேர்ந்தாள்.

கருமாதி முடிந்ததும் நான் பாய் வீட்டுக்குப் போனேன். அவருடைய சம்சாரம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

“என்கிட்டயும் கைத் தப்புன்னுதான் சொன்னாரு” என்றார்கள். “கஞ்சி இல்லாத நாள்லல்லாம் நானும் அதையேதான் சொல்லிக் காட்டுவேன். சாவற வரைக்கும் சொன்னேன்.”

 அவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

1986, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.