வெட்டாத மஞ்சள் பட்டை

அக்டோபர் சந்தையன்று காலையில் டெல்மர் நோவாட்னி தன் மரப்பெட்டியை என் மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே இருந்த கைத்துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் மஞ்சள் பட்டை மாட்டியிருந்தது. மாட்டியது நான்தான். ஆனால் அது செப்டம்பரில்.

எங்கள் மாவட்டக் கண்காட்சித் திடலில் மாதத்துக்கு ஒரு சனி, ஞாயிறு துப்பாக்கிச் சந்தை கூடும். ஆகஸ்டில் மாடுகளைக் கட்டும் அதே நீளக் கொட்டகைதான். உள்ளே போகிற எந்தத் துப்பாக்கியும் வாசலில் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். திறந்து பார்ப்பேன். குண்டு இல்லை என்று தெரிந்ததும் குழலுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து இறுக்கிவிடுவேன். அதற்குப் பிறகு அதை மூடவும் முடியாது, சுடவும் முடியாது. பழைய பட்டையைத் தளர்த்திக்கொண்டு யாரும் வந்துவிடக் கூடாது என்று சந்தைக்குச் சந்தை நிறம் மாறும். நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்து, வியட்நாமில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, லிஸ்பனில் ஒரு விடுதியில் படுக்கை விரித்துவிட்டு நெப்ராஸ்காவுக்குத் திரும்பிய எனக்கு ஊரில் கிடைத்த முதல் வேலை இது. அப்பா சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர் என்பதால் கிடைத்தது.

வேட்டைக்காரன் தன் துப்பாக்கியைப் பட்டையோடு அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோவான். சேகரிப்பவன் அப்படிச் செய்ய மாட்டான். வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் பட்டையை வெட்டுவான். எண்ணெய்த் துணியால் துடைப்பான். பகலெல்லாம் யார் யாரோ தொட்டிருப்பார்கள். விரலில் இருக்கும் உப்பு நிக்கல் பூச்சைத் தின்றுவிடும். டெல்மர் இதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே வயதானவர்.

"டெல்மர், இதெல்லாம் வெட்டவே இல்லையா?"

"மறந்துட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"நீ புதுசைப் போடு, ஜோலின். பின்னாடி வரிசை நிக்குது."

அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

நவம்பரில் பெட்டியைத் திறந்தேன். அக்டோபரின் ஆரஞ்சுப் பட்டைகள் அப்படியே இருந்தன. ஒரு சின்ன ரிவால்வரின் பக்கவாட்டில் யாருடைய கட்டை விரல் ரேகையோ துருவாகப் பதிந்திருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"கோர்டிகிட்ட சொல்லிடாதே" என்றார் மெல்ல. கோர்டி அவருடைய சந்தைத் தோழர்.

டெல்மர் நாற்பது வருடத்துக்கு மேல் காஸ் டேங்கர் ஓட்டினார். இங்கே பண்ணை வீடுகளுக்கு வெளியே, வீட்டைச் சூடாக்கும் காஸுக்கென்று வெள்ளையாக ஒரு தொட்டி இருக்கும். குளிர்காலத்துக்கு முன் அதை நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டு ரசீது எழுத அவர் சமையலறைக்குள் போவார். காபி வரும். காபி பாதியில் இருக்கும்போது, ஏதோ இப்போதுதான் தோன்றியதுபோல, "பழைய கைத்துப்பாக்கி ஏதாச்சும் மேஜை இழுப்பறையில கிடக்கா?" என்று கேட்பார். கிடக்கும். ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் நூல்கண்டுகளுக்கும் நடுவே, யாரோ ஒரு பெரியப்பா வாங்கிய ஐந்து குண்டு ரிவால்வர். அதோடு பெரியப்பாவின் கதையும் கிடைக்கும்.

அப்படித்தான் அவருக்கு ஹார்லோ பைத்தியம் பிடித்தது. மாசசூசெட்ஸில் எப்போதோ மூடிப்போன ஒரு சிறு கம்பெனி. சட்டைப் பையில் அடங்கும் மலிவு ரிவால்வர்கள் செய்தது. உயர்ந்த ரகம் இல்லை. பணக்காரச் சேகரிப்பாளர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டெல்மர் அத்தனை ரகத்தையும் சேர்த்தார், ஒன்றைத் தவிர. அது சைக்கிள் மாடல். சைக்கிள் புதிதாக வந்த காலத்தில், துரத்துகிற நாய்களை மிரட்டுவதற்கென்று விளம்பரம் செய்து விற்ற குட்டைக் குழல் துப்பாக்கி. டெல்மர் அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

சந்தையில் அவருக்கு அடுத்த மேஜை கோர்டி லிண்ட்குவிஸ்டுடையது. கோர்டி பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். உடம்பும் பெரிது, குரலும் பெரிது. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே அந்த இரண்டு மேஜைகளும் ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் இருவரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. கோர்டியின் மனைவி பெயர் டெல்மருக்குத் தெரியும், முகம் தெரியாது. அவர்கள் பேசியதெல்லாம் துப்பாக்கி.

அந்தப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. வாங்க ஆசைப்படுகிறவன் பொருளைப் புகழக் கூடாது. திட்ட வேண்டும். திருகாணித் தலை நசுங்கியிருக்கிறது, பூச்சு பிற்பாடு போட்டது, சுருள்வில் செத்துவிட்டது என்று முகம் சுளித்துக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். சந்தையில் எல்லோரும் இதைச் செய்வார்கள், டெல்மர்போல யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு முறை ஒரு ஹார்லோவைப் பார்த்து "இது துப்பாக்கியா, கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளா?" என்று கேட்டாராம். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் வண்டிக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கோர்டி எல்லோரிடமும் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதர் பட்டையை வெட்டவில்லை என்றால்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் எத்தனையோ ஊரையும் வேலையையும் விட்டு வந்தவள்தான். அவை எனக்குச் சலித்த நேரம் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஒன்றைப் பிடித்திருந்தவருக்கு அது எப்படி விட்டுப்போகும்? கண் தெரியவில்லையா? மனைவி ஆர்டிஸ் ஏதாவது சொன்னாளா? துப்பாக்கிச் சூட்டுச் செய்தி ஏதாவது கேட்டு மனம் கசந்ததா?

அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரில். நான் போனபோது ஆர்டிஸ் அடுப்பிலிருந்து பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கார்" என்றாள், நான் வாய் திறப்பதற்குள். "அவரோட துப்பாக்கி அறையில எண்ணெய் வாசனையே இல்ல. நாப்பது வருஷமா நான் சகிச்ச வாசனை. போனதும்தான் தெரியுது."

"நீங்க எதுவும் கேக்கலியா?"

"கேட்டா வித்துடலாமான்னு என்னைக் கேப்பார். நான் சரின்னு சொல்லணும். அப்புறம் நாளைக்கே ஆசை திரும்பி வந்தா? ஆயுசுக்கும் நான்தான் வித்தேன்னு ஆகும். வேணாம்பா. நீ போய்க் கேளு. நீதான் உலகமெல்லாம் சுத்தினவ."

டெல்மர் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பெட்டிகளில் ஹார்லோக்கள் வரிசையாக இருந்தன. சைக்கிள் மாடலுக்கென்று விட்ட ஓர் இடம் மட்டும் காலி. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்போலத்தான் தெரிந்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒருநாள் காலையில ஒண்ணை எடுத்துப் பார்த்தேன், இரும்பா இருந்துச்சு. அவ்வளவுதான். முந்தியெல்லாம் தாழ்ப்பாள்னு பொய் சொல்லி வாங்கினேன். இப்ப நிஜமாவே தாழ்ப்பாளாத் தெரியுது."

"சோகமா இருக்கா?"

"அதான் இல்ல! அதான் எனக்கே வேடிக்கையா இருக்கு. வலிச்ச பல்லை நாக்கால தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி தினமும் ஒண்ணை எடுத்துப் பார்க்கிறேன். ஒண்ணுமே இல்ல. ஜோலின், அது எங்க போகும்? அவ்வளவு பெரிய ஆசை. சொல்லாம கொள்ளாம எந்த வழியாப் போகும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"கோர்டியை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றார். "இது இல்லாம நாங்க ரெண்டு பேரும் என்னத்தப் பேசறது? பன்னியைப் பத்தியா?"

டிசம்பர் சந்தை. கோர்டி அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு சமையலறைத் துண்டை எடுத்தார்.

"ஏ ஊர்சுத்தி, இங்க வா. கிட்ட வா. சத்தம் போடாதே" என்று அவர்தான் சத்தம் போட்டார். துண்டைப் பிரித்தார். நிக்கல் உரிந்த, மூக்கு நறுக்கியதுபோன்ற ஒரு குட்டித் துப்பாக்கி.

"சைக்கிள் மாடலா?"

"சைக்கிள் மாடலேதான்! தெற்கு டகோட்டாவுல ஒரு ஏலத்துல, பொத்தான் டப்பாவுக்கு அடியில கிடந்துச்சு. அவன்கிட்ட மூச்சு விடாதே. மத்தியானம் சில்லி சாப்பிடும்போது எடுத்து வைக்கப் போறேன். அந்தக் கிழவன் மூஞ்சியப் பார்க்கணும்."

நான் பச்சைப் பட்டையை நுழைத்தேன். இறுக்க இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. இங்கே ஒரு ரகசியம், அங்கே ஒரு ரகசியம். இரண்டுக்கும் நடுவில் நான். டெல்மரை எச்சரித்திருக்கலாம். எச்சரித்தால் நன்றாக நடிப்பார், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

மதியம் வாசலை அப்பாவிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். இருவர் முன்னாலும் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்புக் கிண்ணமும், அதோடு எங்கள் ஊர் வழக்கப்படி இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் இருந்தன. கோர்டி கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் துண்டை விரித்தார்.

டெல்மர் அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். அடுத்த மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அழகா இருக்கு, கோர்டி" என்றார் டெல்மர். "ரொம்ப அழகா இருக்கு."

கோர்டியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஸ்க்ரூவைப் பாரு" என்றார்.

"நல்லாத்தானே இருக்கு."

"எங்கடா நல்லா இருக்கு? தலை நசுங்கியிருக்கு. பிடியைப் பாரு. இடது பக்கம் மாத்தியிருக்காங்க. நிறமே சேரல."

"இருக்கட்டும்டா. அழகாத்தான் இருக்கு."

"பூச்சு உரிஞ்சிருக்குடா, டெல்!" கோர்டி கிட்டத்தட்ட கெஞ்சினார். "ஏதாச்சும் சொல்லு."

டெல்மருக்கு அப்போதுதான் தான் செய்த தவறு புரிந்தது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பித் திட்ட ஏதாவது தேடினார். கோர்டி துப்பாக்கியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் துண்டில் சுற்றினார். எழுந்து போனவர் அன்று மாலை வரை மேஜைக்கு வரவில்லை.

ஞாயிறு காலையில் டெல்மர் பிளாஸ்க்கோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"கோர்டி வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"பண்ணையில வேலை இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பண்ணையை மகன் பார்த்துக்கொள்வான் என்பது எனக்கே தெரியும்.

கோர்டி பத்து மணிக்கு மேல் வந்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் சும்மா இருப்பேனா? சில்லி வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

கோர்டி தன் மேஜைமேல் மூடியிருந்த துணியை மடித்துக்கொண்டே, டெல்மர் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு குளிர்காலம் இருக்கும். இந்தச் செப்டம்பர் வரைக்கும் பட்டையையாவது வெட்டிட்டிருந்தேன்."

"ரெண்டு குளிர்காலம்! போன மார்ச்சுல பனிப்புயல்ல சூ ஃபால்ஸ் ஊர் வரைக்கும் ஹார்லோ தேடி வண்டி ஓட்டிட்டுப் போனேனே, யாருக்காக?"

"நான் போகச் சொல்லலியே."

"போகாதேன்னும் சொல்லலியேடா!"

கோர்டி மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தார்.

"ஏன் போச்சு?"

"தெரியல. தெரிஞ்சிருந்தா முதல்ல உன்கிட்டதான் சொல்லியிருப்பேன்."

"பின்ன எதுக்கு மாசாமாசம் அந்தப் பெட்டியைச் சுமந்துட்டு வர்ற?"

டெல்மர் கொஞ்சம் யோசித்தார். "சில்லிக்கு."

"இங்க சில்லி கண்றாவி."

"தெரியும்."

கோர்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரோ ஒருவன் வந்து கத்தி விலை கேட்டான். கோர்டி அவனைக் கவனிக்கவேயில்லை. பிறகு கையை நீட்டி டெல்மரின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கட்டை விரல் துரு பதிந்த அந்த ரிவால்வரை எடுத்தார்.

"என்னடா இது? கைரேகைய வளர்த்து வச்சிருக்க. இதுக்கு எண்ணெயே காட்டலியா? குதிரை தளர்ந்துபோச்சு. வழியில கிடந்தாக்கூட நான் எடுக்க மாட்டேன்." முகம் சுளித்துக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். "இது அதைவிட மோசம். இதையெல்லாம் மேஜையில வைக்க வெக்கமா இல்ல?"

டெல்மரின் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது.

"அவ்வளவு கேவலமான பொருளை நீ ஏண்டா விடாம தடவிட்டிருக்க?"

"ஒரு பரிதாபத்துக்குத்தான்" என்றார் கோர்டி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. கை மட்டும் மூன்றாவதைத் தேடியது.

ஹார்லோக்கள் அத்தனையும் கிறிஸ்துமஸுக்குள் கோர்டியின் லாரியில் ஏறின. பேரம் முழுக்கத் திட்டாகவே நடந்தது என்று ஆர்டிஸ் சொன்னாள். கோர்டி முதன்முறையாக அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து கொலாச்சி தின்றாராம், அதையும் திட்டிக்கொண்டே. ஓர் இடம் காலியாக இருந்த அந்தச் சுவர்ப் பெட்டிகளும் இப்போது அங்கே இல்லை. காலியான அந்த அறைக்குள் ஆர்டிஸ் தன் தையல் மெஷினை இன்னும் நகர்த்தவில்லை. ஆசை திரும்பி வருகிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறாளாம்.

ஜனவரிச் சந்தைக்கு டெல்மர் கைவீசிக்கொண்டு வந்தார். சரக்கு இல்லாமல் மேஜை எடுக்கச் சங்க விதி இடம் தராது. அப்பா திரும்பத் திரும்பப் படித்தும் அதில் வழி இல்லை. அதனால் கோர்டியின் மேஜைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டாயிற்று.

என் முன்னால் வந்து நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் வெறுங்கையோடு இந்த வாசலைத் தாண்டியதில்லை. பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

"இதைப் பரிசோதிக்கணுமா?"

மூடியைத் திறந்து பார்த்தேன். காபி. கைப்பிடியில் அந்த மாத நீலப் பட்டையைக் கோத்து இறுக்கினேன்.

"அது எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"இல்ல" என்றார். "நேத்து கோர்டி சைக்கிள் மாடலைத் தொடச்சுட்டு மூணு தடவை போன் பண்ணினான். அவன் குரலைக் கேக்கும்போது எனக்கு லேசா என்னமோ பண்ணுச்சு. ஆனா அது துப்பாக்கி ஆசை இல்ல. வேற ஏதோ. என்னன்னு பார்க்கணும்."

உள்ளேயிருந்து கோர்டியின் குரல் வந்தது: "டெல்! இங்க ஒருத்தன் பித்தளைன்னு சொல்லி ஏமாத்தப் பார்க்கிறான், வாடா!"

டெல்மர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

பிப்ரவரியில் அவர் மறுபடி வந்து பிளாஸ்க்கை நீட்டியபோது நான் முதலில் பார்த்தது கைப்பிடியைத்தான். நீலப் பட்டையை வெட்டி, சேகரிப்பவனைப்போலத் துடைத்தும் வைத்திருந்தார்.