கிழித்துத் தைக்கச் சொன்ன பை

மன்னார் நகரில் ஒரு மண்டபத்தில் பெண்கள் எங்கள் பன்னிரண்டு பேருக்குத் தையல் பயிற்சி நடந்தது. எல்லோரும் ஏற்கனவே தைக்கத் தெரிந்தவர்கள்தான். நான் பேசாலையில் என் வீட்டில் பள்ளிக்கூடச் சட்டைகளும், கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுண்களும் தைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி முடிந்ததும் கொழும்புக் கடையொன்று எங்களிடம் பைகள் வாங்கும் என்றார்கள். அதற்காகத்தான் போனேன்.

பழக்க வந்தவள் கொழும்புப் பெண். முப்பது வயதிருக்கும். அவள் எங்களை அக்கா என்பாள், நாங்கள் அவளை மிஸ் என்போம். கெட்டிக்காரி, மெஷின் கோளாறு செய்தால் தானே கழற்றிப் பூட்டுவாள்.

ஒரு காலை சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு பேஷன் ஷோவைப் போட்டுக் காட்டினாள். ஐரோப்பாவில் பெரிய பெயரெடுத்த கம்பெனி ஒன்றின் ஷோ.

"இந்த வருஷம் எல்லாரும் பேசுறது இதைத்தான் அக்கா. வடிவாப் பாருங்க."

நீளமான பாதையில் சாம்பல் நிற மண் பரப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். மெலிந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்கள் உடுத்திருந்தது தறப்பாள். கூடாரம் அடிக்கிற அதே நீலத் தறப்பாள், அதே வெள்ளைத் தறப்பாள். தலைமயிரில் புழுதி. கையில் மூட்டை போலப் பைகள். கணுக்காலில் சேறு பூசியிருந்தார்கள். இரண்டு காலிலும் ஒரே உயரத்துக்கு, அளந்து பூசின மாதிரி.

எனக்குப் பக்கத்தில் சிலாவத்துறைக்காரி ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சிறுமியாக மற்ற முஸ்லிம் சனங்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்து, பிள்ளை பெற்று, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவள். அவள் என் காதோரம் சொன்னாள்: "எங்கட முகாமில கூரைக்குத் தென்னோலைக் கிடுகுதான் புள்ள. அடுத்த வருஷம் அதையும் உடுத்திக்கொண்டு வருவாங்க."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூட முன்னமே எங்கள் தறப்பாள் நினைவுக்கு வந்தது.

நான் வெள்ளாங்குளத்துப் பக்கம் பிறந்தவள். கடைசிச் சண்டையில் ஊர் ஊராக ஓடியபோது எங்களுக்கு வீடாக இருந்தது ஒரு நீலத் தறப்பாள். ஓடும் வழியில் அதன் ஓரத்தை வெட்டி, கிழிந்த வலை பொத்துகிற நைலோன் நூலால் ஒரு பை தைத்தேன். காணி உறுதியும் ஞானஸ்நானப் பத்திரங்களும் நனையாமல் இருந்தது அந்தப் பையால்தான். மீதித் தறப்பாளில் என் தங்கச்சியைச் சுற்றினோம். அவளுக்குப் பெட்டி கிடைக்கவில்லை. சாமியாரும் கிடைக்கவில்லை. நானே செபம் சொன்னேன்.

சுவரில் கட்டிய துணியில் அந்த ஷோவின் பை ஒன்றைப் பெரிதாகக் காட்டினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: தையல் அபாரம். ஓரத்தை இரண்டாய் மடித்துச் செருகி, நூல் வெளியே தெரியாமல் ஓட்டியிருந்தார்கள். என் கண் அந்தத் தையலை விடவில்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

படம் முடிந்ததும் மிஸ் புதுத் தறப்பாள்களை விரித்தாள். "கடை இந்த மாதிரித்தான் கேட்குது. முதல்ல அங்கங்க கிழியுங்க. பிறகு பெரிய பெரிய தையலா ஒட்டுப் போடுங்க. செம்மண் போட்டுத் தேய்ச்சா பழசு மாதிரி வரும். ஒவ்வொரு பையிலயும் ஒரு சின்ன அட்டை கட்டுவோம். தைச்ச அக்காவோட கதை அதில இருக்கும். முகாம், போர், அந்த மாதிரி."

நான் எழும்பி நின்றேன்.

"மிஸ், நான் கிழிச்சுத் தைக்கமாட்டன்."

"ஏன் அக்கா? அதுதான் டிசைன்."

"நாங்கள் தறப்பாள் தைச்சது கிழியாமல் இருக்க. ஒரு துளி ஒழுகாமல் இருக்க. வேணுமெண்டு கிழிக்கிறதை நான் படிக்கேல்லை. இனிப் படிக்கவும் மாட்டன். என்ர கதையை அட்டையில கட்டி விக்கவும் விடமாட்டன்."

அவள் முகம் சிவந்தது. "உங்களைக் கேவலப்படுத்தணும்னு நினைக்கல்லக்கா."

"அது எனக்குத் தெரியும். நீங்கள் நல்ல பிள்ளை. எண்டாலும் மாட்டன்."

"அப்ப எப்படித் தைப்பீங்க?"

கேட்டது கோபத்தில்தான். நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு தறப்பாளை இழுத்து, அளந்து, வெட்டினேன். தறப்பாளோடு எனக்குப் பகையில்லை. மழைக்கும் வெயிலுக்கும் குறுக்கே எங்களுக்காக நின்றது அதுதான். நூலில் மெழுகுதிரி தேய்த்தேன். ஓரத்தை மடித்துச் செருகி இரண்டு வரிசை ஓட்டினேன். பகல் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. பின்னேரம் பை முடிந்தது. ஒரு வாளித் தண்ணீரை அதற்குள் ஊற்றி, எல்லோருக்கும் முன்னால் மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. யாரோ கை தட்டினார்கள். மிஸ் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடைக்கு அனுப்பிக் கேட்கிறேன்" என்றாள்.

கடை வேண்டாமென்றது. 'கதை இல்லை' என்று பதில் வந்ததாம். கடை கொடுத்த ஓடரிலிருந்து என் பெயரை வெட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் என்னோடு வெளியே வந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சிலாவத்துறைக்காரியும் நின்றாள்.

பல கிழமை கழித்து அவளை பஸ் ஸ்ரான்டில் கண்டேன். "அட்டையில என்னக்கா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கட வாப்பாக்கு ஏழு கப்பல் இருந்தது, நான் முத்துக் குளிச்ச ராசாத்தி எண்டு சொன்னன். அப்பிடியே அச்சடிச்சுக் கட்டியிருக்கிறாங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். "என்ட உண்மைக் கதையை இவங்களுக்கு ஏன் குடுக்கணும் புள்ள?"

மிஸ் ஒருநாள் பேசாலைக்கு வந்தாள். பயிற்சி முடிந்து கொழும்புக்குப் போக முன்னம். என் பையைத் திருப்பித் தந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "அந்த ஓரத் தையலை ஒருக்காக் காட்டித் தருவீங்களா?" என்றாள். காட்டிக் கொடுத்தேன். இரண்டு தரம் பிழைவிட்டாள். இரண்டு தரமும் பிரிக்க வைத்தேன்.

அவள் போனபின் பையை வெளியே ஆணியில் கொழுவிவிட்டேன். மீன் விற்கிற பெண்ணொருத்தி அதைக் கண்டு, ஐஸ் போட்டு மீன் கொண்டுபோகத் தரச்சொல்லிக் கேட்டாள். கொடுத்தேன். அடுத்த கிழமையே திரும்பி வந்தாள்.

"ஒழுகுதோ?" என்றேன்.

"ஒழுகேல்லை. பிடி கட்டை. தோளில கொழுவ ஏலாமக் கிடக்கு. நீட்டித் தாங்கோ. எங்கட ஆக்கள் நாலு பேர் தங்களுக்கும் வேணுமெண்டு நிக்கினம்."

தறப்பாளை விரித்து, அவளுடைய தோளிலிருந்து இடுப்புவரை நாடாவைப் பிடித்து அளந்தேன்.