அன்ரன் கண் திறந்த கடற்கரை

ஜூலை பிறந்ததும் பிரான்சின் தலைநகரில், லா சப்பல் மெத்ரோ ரயிலில் தேங்காய் மணக்கும். கறிச்சட்டியிலிருந்து வருவதல்ல, வெள்ளைக்காரப் பெண்களின் தோள்களிலிருந்து வருவது. வெயிலில் கறுப்பதற்கென்று அவர்கள் பூசிக்கொள்ளும் எண்ணெய் அது. கறுப்பதற்காக இத்தனை பாடுபடும் சனத்தின் நடுவே, பிறவியிலேயே அதைப் பெற்றுவிட்ட நான் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் ரயில் அடுத்த நிலையமான ஸ்டாலின்கிராட்டுக்குப் போகாது. தெற்கே திரும்பும். மார்செய் நகரைத் தாண்டி, பந்தோல் என்ற சிற்றூரின் கடற்கரையில், கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி வியர்த்து நிற்கும் அன்ரனுக்கு முன்னால் கொண்டுபோய் என்னை இறக்கிவிடும்.

அன்ரன் யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகர்ப் பிள்ளை. என்னைவிட இருபது வயது இளையவன். மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கோட்டு இருந்தது. ஊருக்குப் படம் அனுப்பும் நாளில் அதைப் போடுவோம். ஆள் மெலிந்தவன் என்றால் முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்குவோம், பருத்தவன் என்றால் பொத்தானைத் திறந்துவிடுவோம். யாழ்ப்பாணத்து ஆறு வீட்டு அல்பங்களில் ஆறு முகங்களோடு அந்த ஒரே கோட்டு இன்றைக்கும் சீமானாக வீற்றிருக்கிறது. அன்ரனும் போட்டு எடுத்தான். கமராவின் வெளிச்சம் வெட்டிய கணத்தில் கண்ணை மூடிவிட்டான். "கோட்டுத்தானே அண்ணை தெரியவேணும்" என்று அதையே அனுப்பியும் விட்டான்.

ஒன்றை நாங்கள் ஆறு பேருமே மறந்துபோனோம். எங்கள் ஊரில் கோட்டுப் போட்டு, ரை கட்டி, கண் மூடிய நிலையில் படம் பிடிக்கப்படுபவன் பெட்டியில் கிடத்தப்பட்டவன்.

தங்கை ஸ்ரெல்லாவின் கடிதம் வந்தது. அம்மா படத்தைப் பார்த்த அன்றே அதை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்து மெழுகுதிரி கொளுத்திவிட்டாராம். அண்ணனின் கடிதங்களைக் காட்டினால், "எழுத்தை ஆரும் எழுதலாம், சினேகிதப் பொடியள் எழுதி மறைக்கிறாங்கள்" என்கிறாராம். அந்த நாட்களில் அப்படி மறைத்த கதைகளும் ஊரில் உலவாமல் இல்லை. தொலைபேசி எடுத்துக் குரலைக் கேட்கவைக்க போர் நடந்த யாழ்ப்பாணத்துக்கு இணைப்பு இல்லை. மகனின் ஆன்மாவுக்கு ஒக்டோபரில் பூசை வைக்கும்படி சாமியாரிடமும் சொல்லியாயிற்று. உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் செத்தவர் பூசை. அன்ரன் அதற்குப் பிறகு வேலைக்குப் போனான், வந்தான், சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். "அண்ணை, அம்மா என்னை உயிரோடை தாட்டுப்போட்டா" என்று ஒருநாள் சொன்னான்.

ஓகஸ்டில் நானும் அன்ரனும் கோப்பை கழுவிய உணவகம் முழு மாதமும் பூட்டப்படும். கொங்ஜே என்பார்கள், சம்பளத்தோடு விடுமுறை. முதல் வருடம் இது விளங்காமல், எங்களை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து முதலாளியிடம் மன்றாடினோம். அவரோ நாங்கள் பிரியாவிடை சொல்கிறோம் என்று நினைத்து இருவரையும் கட்டியணைத்தார். இரண்டாம் வருடம் நான் ஒரு கமராவை இரவல் வாங்கினேன். கடற்கரையில் வெயிலில் நிறுத்தி எடுத்தால் எந்தத் தாய்க்கும் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டேன். அன்ரன் அந்தக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ரயிலேறினான்.

"உந்தச் சனியனை ஏன்ரா காவிக்கொண்டு வாறாய்?"

"கோட்டில்லாமல் நிண்டால் ஊரிலை என்ன நினைப்பினம் அண்ணை? பிரான்சிலை பிச்சை எடுக்கிறான் எண்டுவினம்."

பந்தோலில் அலை இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கானைப் போல ஒரு கடல். ஈச்சைபோன்ற மரங்களின் கீழே முதியவர்கள் இரும்புக் குண்டுகளை உருட்டி, யாருடையது கிட்ட என்று வாயால் சண்டை பிடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஊர் சாப்பிட உட்கார்ந்தது. இரண்டு மணிக்கும் எழும்பவில்லை. அந்த எச்சில் கோப்பைகளை இன்றைக்கு நான் கழுவத் தேவையில்லை என்பதை என் கைகளுக்கு விளங்கப்படுத்த நெடுநேரம் பிடித்தது. சும்மா இருப்பதும் ஒரு தேசம். அதற்கு விசா கிடைத்தவனைப்போல மணலில் மல்லாந்து கிடந்தேன். அன்ரன் மட்டும் கிடக்கவில்லை. ரை முடிச்சைக் கழுத்துவரை ஏற்றி, கையைத் தொடையோடு ஒட்டி, விறைத்து நின்றான். பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோலவே நின்றான்.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு மூதாட்டி. எழுபது வயதிருக்கும், பெரிய வைக்கோல் தொப்பி. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அதில் ஒரு சொல்தான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. இறப்பைக் குறிக்கும் அந்தச் சொல்லை அகதி விண்ணப்பங்களில் எங்கள் எத்தனையோ உறவுகளின் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். கறுப்புக் கோட்டைப் பார்த்து, செத்தது யார் என்று அந்த அம்மா கேட்கிறார்.

அன்ரன் என்னைப் பார்த்தான், தன் கோட்டைப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கையை வைத்து, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: "முவா, மதாம்." நான்தான்.

மதாம் திகைத்து ஓரடி பின்னால் போனார். உணவகக் குசினியில் பொறுக்கிய பிரெஞ்சில் நான் விளக்கினேன்: அம்மா, படம், மூடிய கண், மெழுகுதிரி. கேட்கக் கேட்க அவர் வாய் திறந்தபடியே போனது. சட்டென்று அன்ரனின் கோட்டுப் பொத்தான்களைத் தானே கழற்றத் தொடங்கினார். ரையை உருவினார். "ஆலே! ஆலே!" என்று கடலைக் காட்டி முதுகில் ஒன்று வைத்தார். எதிர்த்துப் பேச அவனுக்கு மொழியும் இல்லை, அவகாசமும் இல்லை. காற்சட்டையோடு ஓடினான். குருநகரை விட்டபின் உப்புநீரைத் தொடாத உடம்பு மூழ்கி, மறைந்து, எங்களை ஒருகணம் பயமுறுத்தி, பத்து முழத்துக்கு அப்பால் சிங்கம்போல் தலையைச் சிலுப்பிக்கொண்டு எழும்பியது.

"அண்ணை! இஞ்சை பாருங்கோ! செத்தவன் நீந்துறான்!"

மதாம் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி முழங்காலளவு நீரில் இறங்கி நின்று கைதட்டினார். குண்டு உருட்டிய முதியவர்களும் காரணம் தெரியாமலே தட்டினார்கள். நான் கமராவின் பொத்தானை அமர்த்தினேன். எத்தனை கடல்களை எத்தனை பேரும் வென்றிருக்கட்டும். அன்றைக்கு அந்தக் கடலை வென்றவர்கள் நாங்கள்.

ஊருக்கு அனுப்பிய அந்தப் படத்துக்கு ஒக்டோபரில் பதில் வந்தது. லா சப்பல் மெத்ரோப் படிக்கட்டில், போகிற வருகிற சனம் எங்களை இடித்துக்கொண்டு போக, அன்ரன் உரக்க வாசித்தான். அம்மா மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டார். சாமியார் செத்தவர் பூசையை நன்றிப் பூசையாக மாற்றிக் கொடுத்தார். அதன் கீழே அம்மா சொல்லச் சொல்ல ஸ்ரெல்லா எழுதியிருந்தாள்: "கோட்டை வைச்சுக்கொண்டு நிக்கிற வெள்ளைக்காரி ஆர்? வயசான மனுசி எண்டபடியால் ஒண்டும் சொல்லேல்லை. முதல்லை தலையைத் துவட்டு. ஈரத்தோடை நிண்டால் தடிமன் பிடிக்கும்."

அவன் அந்த வரியை மறுபடி வாசித்தான். ஓகஸ்டில், பந்தோல் வெயிலில், அரை மணி நேரத்தில் காய்ந்துபோன தலை அது. குருநகரில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்துக்கும் இந்த வறட்சிக்கும் நடுவில்தான் நாங்கள் எல்லோரும் குடியிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. அன்ரனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"அம்மா சொன்னதைச் செய்தனியோ?" என்றேன்.

படியில் நின்று திரும்பினான். கழுத்துச் சால்வையை உருவி, காய்ந்த தலையை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தித் துடைத்தான். கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"இந்தா, துவட்டிப்போட்டன் அண்ணை."