அப்பாவின் உச்சையுறக்கம் அச்சானது

அப்பா ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டார். வெள்ளறடைப் பக்கம் எங்கள் பழைய வீட்டை ஒட்டிப் புதுவீடு கட்டுவதென்று முடிவானதும், பிளானை அவரே வரைந்தார். கிழக்கே காற்று வரும் மூலையில் அவருக்கு ஒரு ஆபீஸ் ரூம். ஓய்வு பெற்றவருக்கு என்ன ஆபீஸ் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுக்களை மேற்கே கடைசியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, ஒரே ஒரு சின்ன ஜன்னலோடு.

இரண்டையும் இடம் மாற்றச் சொல்லி அம்மா ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த வெயிலுல ஷீட்டுக்குக் கீழ நின்னா நான் பப்படமாயிருவேன் மக்கா" என்று என்னிடம் முறையிட்டார். அப்பாவின் பதில் மாறவேயில்லை. "நீ அங்க எவ்வளவு நேரம் நிக்கப் போற? காலத்த கொஞ்சம், உச்சைக்கு கொஞ்சம்." திங்கட்கிழமை மேஸ்திரி அஸ்திவாரம் தோண்ட வருவதாக இருந்தது. அதற்குப் பிறகு அடுக்களையை எந்தக் கோரிக்கையாலும் நகர்த்த முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் திருவனந்தபுரத்தில் எஞ்சினியரிங் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டாத வீட்டுக்குள் எந்த அறை எந்த மணிக்கு எவ்வளவு சூடாகும் என்று வருஷம் முழுவதுக்கும் கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் என் பாடம். சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு அறையிலும் எந்த நேரத்தில் ஆள் உண்டு என்று இருபத்துநாலு எண்கள். ஆள் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். கடைசியில், மனிதர்கள் எத்தனை மணி நேரம் சூட்டில் கிடந்து வேகிறார்கள் என்று அது சொல்லும். ஆளில்லாத அறை பற்றி எரிந்தாலும் அதற்குக் கவலையில்லை. அப்பா சொன்னபடி எழுதினால் அடுக்களையில் வேக ஆளே இருக்காது என்பது எனக்கு உடனே புரிந்தது.

புதுவீட்டு பிளானையும் அதில் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, ஆளாளுக்கு அவரவர் நாளைக் கேட்டு எழுதினேன். உச்சைக்கு இரண்டிலிருந்து நாலு வரை வாசிப்பு என்றார் அப்பா. சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அண்ணன், இரண்டிலிருந்து ஐந்து வரை படிப்பு என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நான் எங்க மக்கா ஒரு இடத்துல இருக்கேன்? அடுக்களையில ஒரு மூணு மணிக்கூறு இருக்குமா இருக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டையே வேவு பார்த்தேன். இரண்டு மணிக்கு அப்பா பேப்பரை விரிப்பார். இரண்டு ஐந்துக்கு அந்தப் பேப்பர் அவர் முகத்தின்மேல் கிடந்து, மூச்சுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். அண்ணனின் தலையணைக்கடியில் டிரான்சிஸ்டர், அதில் கிரிக்கெட் கமென்டரி. அம்மாவின் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நாளைக்குப் பதினாலு மணி நேரம். தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கூட்டினேன், அதே பதினாலு. இருபத்துமூன்று வருஷம் அந்த அடுக்களைச் சோற்றைத் தின்றுவிட்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மூன்று ஜாப், அதாவது கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற மூன்று தனித்தனிக் கணக்கு, தயார் செய்தேன். முதலாவது, வீட்டார் சொன்னது. இரண்டாவது மரியாதைப் பதிப்பு. அதில் அம்மாவின் வரி மட்டும் உண்மை, ஆண்களின் மானத்தில் கைவைக்கவில்லை. அப்பாவிடம் காட்டவேண்டியது அதுதான். மூன்றாவது நான் கண்டது முழுக்க. அது என் புரொபசருக்கு மட்டும். வரிக்கு வரி பெயர் வைக்க வேண்டியிருந்ததால், அதில் "அப்பா உறக்கம்", "அண்ணன் கிரிக்கெட்" என்று ஆங்கில எழுத்தில் அடித்து, தனியே சிரித்துக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரையில் டைப்பிங்கும் சொல்லிக்கொடுக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே ஒரு ஜாப் முடிய முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் வீண். அதனால் நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். ஜாப்களை வரிசையில் நிறுத்தும். ஒன்று பாதியில் செத்தால் அதை வரிசையின் வாலுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எடுக்கும். முடிந்த ரிசல்ட்டுக்கு முடிந்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு, நாம் எழுதிக்கொடுத்த வரிகளோடு சேர்த்து அச்சடிக்கும். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

சனிக்கிழமை அதை ஓடவிட்டுவிட்டு மாட்டினி ஷோவுக்குப் போய்விட்டேன். தியேட்டரில் ஜெனரேட்டர் உண்டு. வெளியே இடிமழை பெய்து கரண்ட் போய் வந்தது எனக்கு எப்படித் தெரியும்? முதல் ஜாப் பாதியில் செத்திருக்கிறது. சென்டரில் யாரோ மெஷினை மறுபடி போட்டிருக்கிறார்கள். என் புரோகிராமும் சமர்த்தாக அதை வாலுக்குத் தள்ளிவிட்டு மற்றதை முடித்திருக்கிறது. திரும்பி வந்தபோது மூன்றும் அச்சாகிக் கிடந்தன. இரண்டாம் நம்பர் தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பிரித்துப் பார்க்கவில்லை.

நான் வரும்போது மேஸ்திரி முற்றத்தில் இருந்தார். அஸ்திவாரத்துக்கு நூல் எங்கே பிடிப்பதென்று கேட்க வந்திருந்தார். அப்பா தாளை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"கேட்டுக்கிடும் மேஸ்திரி. கம்ப்யூட்டராக்கும். இதுக்கு சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. இது சொல்லுத எடத்துல நூலு பிடிக்கலாம்."

பள்ளிக்கூடக் குரலில் வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் தடுக்கியது. "அப்பா... உறக்கம்?" என்றார். பதினாலாம் மணிக்கு, அதாவது உச்சைக்கு இரண்டுக்கு நேரே, வரிசையாக ஒன்று, ஒன்று. முதல் ஜாப் வாலுக்குப் போனதில் புரொபசருக்கான மூன்றாவதுதான் இரண்டாம் நம்பர் வாங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாசல்படியில் இருந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், அடுத்த வரி தன்னுடையது என்று தெரியாமல்.

"எந்தா சாறே, உச்சைக்கு ரெண்டு மணிக்கூறு உறக்கமா?" என்று மேஸ்திரி பவ்வியமாகக் கேட்டார். "இது பொல்லாத்த கம்ப்யூட்டராக்கும்!"

அப்பாவின் காது சிவந்தது. விரல் தாளில் கீழே கீழே ஓடி ஓரிடத்தில் நின்றது. முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இன்னா பிடிச்சேன் கள்ளத்த! அடுக்களையில பதினாலு மணிக்கூறாம்! ஒரு மனுசி பதினாலு மணிக்கூறு அடுக்களையில நிக்குமா மேஸ்திரி? இது பொய்யின்னா மத்ததும் பொய்யி. அவளையே கேப்போம்." வீட்டுப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார். "எட்டீ, நீ எங்க கெடக்க?"

"அடுக்களையில!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "மரச்சீனிக் கெழங்கு வெந்துட்டு. வெள்ளத்த வடிச்சிட்டு வாறேன்."

அண்ணன்கூட சிரிப்பை நிறுத்தினான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தாளில் அந்த மணிக்குரிய எண்ணைத் தேடினார். ஒன்று. அதற்கு முந்தின மணியைப் பார்த்தார், அதற்கும் முந்தினதைப் பார்த்தார். விரல் வெகுநேரம் அந்த வரியிலேயே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"அடுக்களை கிழக்க வரட்டு" என்றார் கடைசியில். மேஸ்திரி தலையாட்டிவிட்டு நூலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் நாலடி போனதும் அப்பா என் பக்கம் குனிந்தார். "அந்த உறக்கத்த மட்டும் வெட்டிக் களஞ்சிரு மக்கா. காலேஜுல ஆளுவ பாத்தா மோசமாக்கும்."

சரி என்றேன். அண்ணனும் தன் கிரிக்கெட்டுக்காக என் பின்னாலேயே வந்து கெஞ்சினான். இரண்டையும் வெட்டினேன். அம்மாவின் வரியிலிருந்து ஒரு மணி நேரத்தையாவது வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அம்மா உட்பட.